சீனிக் கரைசலும் வெப்பமும்: ஊவாவிலிருந்து ஒரு நோக்கு

மீரியபெத்த என்றவுடன் 2014 ஒக்டோபர் 29ஆம் நாள் லயன் குடியிருப்புகளை மூடிய மண்சரிவே நம் நினைவில் எழும். அத்துயரம் தனியே எழுதப்பட வேண்டியது. இங்கு நாம் எடுத்துக்கொள்வது அம்மலை மக்களின் சாயத்தண்ணியிற் கரையும் சீனியை. கொஸ்லந்தையிலிருந்து வெல்லவாயாவுக்கு இறங்கினால், அப்பால் பெல்வத்தையின் கரும்பு வயல்களும் ஆலையும் உள்ளன. ஊவாவின் கிராமங்களிலோ கித்துள் பதநீர் வீட்டடுப்பிற் காய்ந்து பாணியாகவும் கருப்பட்டியாகவும் மாறுகின்றது. ஈரிடத்தும் நிகழும் இரசாயனம் ஒன்றே.

காய்ச்சும்போது நீர் மட்டுமே வெளியேறுகின்றது என்பது பொதுவான எண்ணம். அது பாதியுண்மை. சுக்குரோசு என்பது குளுக்கோசும் பிரக்டோசும் பிணைந்த மூலக்கூறு. அமிலமும் வெப்பமும் சேருமிடத்து நீர் அப்பிணைப்பை அறுக்கின்றது. 342 கிராம் சுக்குரோசு 18 கிராம் நீரை ஏற்று 360 கிராம் கலவையாகின்றது. இனிப்புக் குறைவதில்லை, எடையோ கூடுகின்றது. எனினும் ஆலைக்கு இது நட்டமே. பிளவுண்ட வெல்லங்கள் அங்குப் பளிங்காகாமற் கழிவுப்பாகோடு போய்விடுகின்றன.

ஆகவேதான் ஆலைகளிற் சாற்றுக்குச் சுண்ணாம்பிட்டு அமிலத்தன்மையைப் போக்கி, அமுக்கங் குறைந்த கலங்களில் 65 பாகை செல்சியசு அளவிலேயே கொதிக்கவிடுகின்றனர். ஆயின் வெட்டிய கரும்பு ஆலை வாயிலிற் காத்துக்கிடந்தால், அதன் நொதியங்களும் நுண்ணுயிர்களும் அடுப்பேறுமுன்பே இப்பிளவைத் தொடங்கிவிடும். அங்கே குற்றவாளி வெப்பமன்று, நிருவாகமே என்போம்.

கித்துள் காய்ச்சுவோருக்கு அத்தகைய கலமில்லை. மலையுயரம் சிறிது கைகொடுக்கும்: அப்புத்தளை உயரத்தில் நீர் ஏறத்தாழ 95 பாகையிற் கொதிக்கும். ஆனால் பாகு இறுக இறுகக் கொதிநிலை ஏறும். கருப்பட்டிப் பதத்தில் 110 பாகையையும் தாண்டும். புளித்த பதநீராயின் அமிலம் மிகுந்து, எவ்வளவு காய்ச்சினும் கட்டியாகாது. ஓர் இரவின் உழைப்பு வீண். பானையில் ஹல் மரப்பட்டையோ சுண்ணாம்போ இடும் வழக்கம் புளிப்பைத் தடுக்கவே.

பாணியின் செந்நிறமும் இப்பிளவின் விளைவே. சுக்குரோசு நேரடியாக அமினோவமிலங்களோடு தாக்கமுறாது. பிளந்த பின் குளுக்கோசும் பிரக்டோசும் தாக்கமுற்று நிறமும் மணமும் தருகின்றன. பிரெஞ்சு அறிஞர் மையார் 1912இல் விளக்கிய தாக்கம் இது. சீனியைக் கருக்குவது வேறு. அதற்கு நீர் வற்றி 160 பாகைக்கு மேற் செல்லவேண்டும். வெறுஞ் சீனிக் கரைசலில் அமினோவமிலம் இல்லாமையால், அதைப் பாணியென விற்போர் நிறத்தை வேறு வழியில் தேடவேண்டியுள்ளது. நிறம் கிட்டிவிடும், மணம் அவ்வளவு எளிதிற் கிட்டுவதில்லை.