கண்ணுக்குத் தெரியாத முதற் பூச்சு

சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும் என்பது நம்மவர் பழமொழி. வீட்டுக்கு வர்ணம் பூசும்போது இதனை நாம் மறந்துவிடுகிறோம். நிறத்தைத் தேர்ந்தெடுக்கக் குடும்பமே கூடி ஆலோசிக்கிறது. அதற்கு அடியில் பூச வேண்டிய பிரைமரைப் பற்றிக் கேட்பார் இல்லை. செலவைக் குறைக்க நேர்ந்தால் முதலில் கைவிடப்படுவதும் அதுவே.

இதற்கு இந்நகரமே ஒரு பாடம் புகட்டுகிறது. 1943-இல் திறக்கப்பட்டு, 1965-இல் ரவீந்திர சேது என்று பெயர் பெற்ற ஹௌராப் பாலத்தில் ஏறத்தாழ 26,500 டன் எஃகு உள்ளது. பாதசாரிகள் உமிழ்ந்த வெற்றிலை எச்சில், அதன் தூண்களின் அடியைக் காத்த 6 மில்லிமீட்டர் எஃகு உறைகளை 2007-க்குப் பின் சில ஆண்டுகளிலேயே 3 மில்லிமீட்டருக்கும் குறைவாக அரித்துவிட்டது. பிறகு கண்ணாடியிழை உறை போட வேண்டியதாயிற்று. காப்புப் பூச்சை இழந்த பெரும் பாலத்தின் எஃகே அவ்வாறு தேயுமாயின், நம் வீட்டு ஜன்னல் கம்பி எம்மாத்திரம்?

பரப்புக்குப் பரப்பு பிரைமர் வேறுபடும். புதிய சிமெண்டுப் பூச்சில் காரமும் ஈரமும் உண்டு. அதன்மேல் எண்ணெய் வர்ணம் பட்டால், காரம் எண்ணெயைச் சவர்க்காரமாக மாற்றிவிடும். வர்ணம் பிசுபிசுத்து உரியும். ஆகவே குறைந்தது 28 நாள் ஆறவிட்டு, நன்கு உலர்ந்தபின், காரத்தைத் தாங்கும் சுவர்ப் பிரைமர் பூசுதல் வேண்டும். பழைய சுண்ணாம்புச் சுவராயின் பொடியும் படலத்தைச் சுரண்டிய பின்னரே பிரைமர்.

மரம் வர்ணத்தின் எண்ணெயை உறிஞ்சும். ரேகைப் போக்கில் உப்புத்தாள் தேய்த்து, பிசின் கசியும் கணுக்களை அரக்கு மெருகால் அடைத்து, பிரைமர் பூசி, அதன் பின்னரே மக்கு வைக்க வேண்டும். வெறும் மரத்தில் வைத்த மக்கு, எண்ணெயை இழந்து உதிர்ந்துவிடும்.

இரும்பில் துருவை முற்றும் நீக்கி, அன்றே ரெட் ஆக்சைடு முதலிய துருத்தடுப்புப் பிரைமரைப் பூசிவிடுக. ஈரக்காற்று மிகுந்த இவ்வூரில் மறுநாளே துரு தலைகாட்டும். துத்தநாக முலாம் பூசிய தகட்டுக்கு அதற்கென்றே உள்ள பிரைமர் தேவை. சாதாரண எண்ணெய் வர்ணம் அதில் நிலைக்காது.

பழைய வீடுகளில் வசிப்போர்க்கு ஓர் எச்சரிக்கை. பழங்கால வர்ணங்களிலும் செந்நிறப் பிரைமர்களிலும் ஈயம் கலந்திருந்தது. வீட்டு வர்ணத்தில் பத்து லட்சம் பங்குக்கு 90 பங்குக்கு மேல் ஈயம் கூடாது என்ற விதி 2017 நவம்பர் 1 முதலே நடைமுறைக்கு வந்தது. பழைய கதவை உலர்ந்த நிலையில் சுரண்டாமல் நனைத்துத் தேய்க்கவும். தூசு அடங்கி, இடம் துடைக்கப்படும்வரை குழந்தைகளை அப்புறப்படுத்தவும். குழந்தைகளின் மூளை வளர்ச்சிக்கு ஈயத் தூசு பெருங்கேடு.

பருவமும் கருதத்தக்கது. துர்கா பூஜைக்கு முன் வர்ணம் பூசுவது இங்குள்ள வழக்கம். ஆனால் அப்போது மழை ஓய்ந்தும் ஓயாத காலம். சுவருக்குள் ஈரம் தங்கியிருக்கும். பொங்கலுக்கு முன் வெள்ளையடிப்பது நம் முன்னோர் வழக்கம். வங்காளத்திலும் மார்கழி வறண்ட மாதமே. இயன்றவர்கள் அதுவரை பொறுத்திருப்பது நலம்.

பிரைமர் பூசிய அன்று ஒருமுறை வீட்டைச் சுற்றி வந்து பாருங்கள். மேற்பூச்சு ஏறிவிட்டால் பிறகு காண இயலாது.