புத்தக இறாக்கைக்கு ஏற்ற ஒலிபெருக்கி

இசைக்கவையைத் தட்டிப் பரிவுக் குழாயின் வாயிற் பிடித்து, நீர்மட்டம் ஓரிடத்தை அடைந்ததும் ஒலி திடீரென ஓங்குவதைக் கல்லூரிப் பௌதிக ஆய்கூடத்திற் கேட்டு வியவாத மாணவர் இலர். பரீட்சை முடிந்ததும் அதனை மறந்துவிடுகின்றோம். யானும் மறந்தேன். அம்மறதியால் நேர்ந்த நட்டமே இக்கட்டுரைக்குக் காரணமாயிற்று.

என் தந்தையார் காலமானபின், அவர் சுருதிப் பெட்டியுடன் பாடிய ஒலிநாடா ஒன்றே அவர்தம் குரலாக எமக்கு எஞ்சியது. அதனைச் செவ்வனே கேட்கவேண்டும் என்னும் ஆவலினால் இரண்டு சிறிய ஒலிபெருக்கிகளை வாங்கி, புத்தக இறாக்கையின் பின்பலகையோடு ஒட்ட வைத்தேன். சுருதியின் முழக்கம் அறையெங்கும் நிறைந்தது. பாட்டின் சொற்களோ அதனுள் அமிழ்ந்து போயின. குற்றம் ஒலிபெருக்கியினது என்றெண்ணி அரைவிலைக்கு விற்றுவிட்டு, விலைகூடிய வேறொரு சோடி வாங்கினேன். முழக்கம் குறையவில்லை. ஒருநாள் தூசு துடைக்கும்பொருட்டுப் பெட்டிகளை முன்விளிம்புவரை இழுத்து, சுற்றிலுமிருந்த வெற்றிடத்திற் புத்தகங்களை நெருக்கி அடுக்கினேன். முழக்கம் பெரிதும் தணிந்தது. பெட்டிகளோடு வந்தும் பயனின்றிக் கிடந்த ஸ்பொஞ்சு அடைப்புக்களைப் பின்துளைகளில் இட்டேன். தந்தையாரின் சொற்கள் ஒவ்வொன்றாகத் தெளிந்தன. குற்றம் பெட்டியினதன்று, வைத்த இடத்தினது. இடத்தைத் தேர்ந்த பின்னரே பெட்டியைத் தேர்தல் வேண்டும் என்பது யான் பணங்கொடுத்துக் கற்ற பாடம். அதன் காரணத்தை ஈண்டு விளக்குவாம்.

இன்று வழங்கும் ஒலிபெருக்கிகளிற் பெரும்பாலானவை, அமெரிக்கரான றைஸ், கெலொக் என்னும் இருவர் 1925ஆம் ஆண்டில் விளக்கிய முறையையே தழுவியவை. காந்தப் புலத்திலுள்ள கம்பிச்சுருளில் மின்னோட்டம் மாறுந்தோறும் சுருளும், அதனோடு பொருந்திய கூம்பும் முன்னும் பின்னும் அசைகின்றன. கூம்பு முன்னே காற்றை நெருக்கும்போது பின்னே அதனை ஐதாக்குகின்றது. இவ்விரு அலைகளும் ஒன்றையொன்று சந்திப்பின் தாழொலி அழிந்துபோம். பின்னலையைத் தடுப்பதற்காகவே பெட்டி வேண்டப்படுகின்றது.

முன்னாளில் ஆழ்ந்த தாழொலி வேண்டுவோர் அலுமாரி போன்ற பெட்டிகளை வீட்டினுள் வைக்க நேர்ந்தது. 1954ஆம் ஆண்டில் எட்கார் வில்ச்சர் என்பார் இந்நிலையை மாற்றினார். கூம்பினைத் தளர்வாகத் தொங்கவிட்டு, நன்கு மூடிய சிறு பெட்டியினுள் அடைபட்ட காற்றையே அதற்கு வில்லாக அமைத்தார். இறாக்கையில் அடங்கும் பெட்டியிலிருந்தும் தாழொலி பிறக்கலாயிற்று. பெட்டியில் துளையிட்டு, போத்தலின் வாயில் ஊதினால் எழும் ஒலிபோலத் துளையிலுள்ள காற்றையும் அதிரச் செய்வது மற்றொரு முறை. கூம்புக்கேற்ற பெட்டியின் கனவளவையும் துளையின் அளவையும் கணிக்கும் வழியை அவுஸ்திரேலியாவில் நெவில் தீல் 1961இல் வெளியிட்டார்; றிச்சட் ஸ்மோல் 1970களின் தொடக்கத்தில் அதனை விரித்துரைத்தார்.

எனினும் இயற்கை விதியை எவரும் வென்றாரல்லர். பெட்டி சிறிதாயிருத்தல், தாழொலி ஆழ்ந்திருத்தல், சிறுவலுவிலேயே உரத்தொலித்தல் என்னும் மூன்றும் ஒருங்கே கிட்டா. இரண்டைப் பெறின் மூன்றாவதை இழத்தல் வேண்டும். மூன்றும் உண்டென்று கூறும் விளம்பரத்தை நம்பற்க.

அங்ஙனமாயின் சிறு பெட்டி நம் இசைக்குப் போதுமா? போதும் என்பதே என் துணிபு. ஆடவர் ஒரு கட்டைச் சுருதியிற் பாடும்போது தம்புராவின் மந்தர சட்சம் செக்கனுக்கு ஏறக்குறைய 65 அதிர்வுகளை உடையது. 5 அங்குலக் கூம்புடைய நல்ல சிறு பெட்டியொன்று இதனை ஓரளவு தரவல்லது. மேனாட்டு இசைக்குழுவின் இரட்டை பாஸ் என்னும் நரம்புக் கருவியோ 41 அதிர்வுகள்வரை தாழ்வது. அதனை முழுமையாகக் கேட்க விழைவோர் பெரிய பெட்டியையே நாடுதல் வேண்டும். பாட்டின் உயிரோ மனிதக் குரல் விளங்கும் இடையொலியில் உள்ளது. பீ.பீ.சீ. நிறுவனத்தார் 1970களில் வெளிக்கள ஒலிபரப்பு வண்டிகளின் சிற்றறைகளுக்கென எல்.எஸ். 3/5ஏ என்னும் பெட்டியை அமைத்தனர். அதன் உயரம் ஏறத்தாழ 30 சதமமீற்றர், அகலம் 19, ஆழம் 16 மாத்திரமே. ஆழ்ந்த தாழொலியை அது தராது. குரலை இயல்பாகத் தருவதற்காகவே இன்றும் போற்றப்படுகின்றது.

இனி இடத்தைப்பற்றிக் கூறுவாம். செக்கனுக்கு 100 அதிர்வுடைய ஒலியலையின் நீளம் ஏறக்குறைய 3.4 மீற்றர். இத்துணை நீண்ட அலைக்கு 20 சதமமீற்றர் அகலமுள்ள பெட்டி ஒரு தடையன்று. அது பெட்டியைச் சுற்றி எங்கும் பரவும். பின்னே சுவர் இருப்பின் அதிற்பட்டுத் திரும்பி, முன்செல்லும் அலையோடு கூடி ஓங்கும். அறை மூலையில் இரு சுவர்கள் கூடுதலால் அவ்வோக்கம் இன்னும் மிகும். உயரொலிக்கு இவ்வாறு வளைந்து செல்லும் இயல்பு குறைவு. ஆதலால் வெளியே தாங்கியில் தனித்து நிற்பதற்கென அமைத்த பெட்டி, இறாக்கையிற் புகுந்ததும் தாழொலி மிகுந்து முழங்குகின்றது. சுற்றிலுமுள்ள வெற்றிடமும் பரிவுக் குழாய்போலத் தன் பங்குக்கு ஒலிக்கும்.

ஆகவே மூலையை விலக்குக. பெட்டியின் முகம் இறாக்கையின் முன்விளிம்போடு சமமாய் நிற்க, வெற்றிடத்தைப் புத்தகங்களால் நிரப்புக. அடியில் இறப்பர் வில்லைகளை வைப்பின் பலகை அதிராது. உயரொலிக்குரிய சிறு குமிழ் கேட்போரின் செவிமட்டத்தில் இருத்தல் நன்று. இரு பெட்டிகளும் கேட்போரும் சமபக்க முக்கோணமாய் அமைதல் வேண்டும். சீமெந்துத் தரையும் வெறுஞ்சுவரும் உள்ள நம் அறைகளில் ஒலி எதிரொலித்துக் கலங்குவதால், ஒரு பாயும் திரைச்சீலையும் பெருநன்மை செய்யும்.

இவ்விடத்துக்கு மூடிய பெட்டியே முதற்கண் பொருந்தும். அடுத்தது முன்துளைப் பெட்டி. பின்துளைப் பெட்டியாயின் பின்னே இடைவெளி விடுதல் அல்லது துளையை அடைத்தல் வேண்டும். 1 உவாற்று வலுவுக்கு 1 மீற்றர் தூரத்தில் எழும் ஒலியை தெசிபெல் அளவாற் குறிப்பர். இவ்வளவு 3 குறையின் அதே உரப்புக்கு இருமடங்கு வலு வேண்டும். 6 குறையின் நான்மடங்கு வேண்டும். 4 ஓம் பெட்டி 8 ஓம் பெட்டியிலும் மிகுந்த மின்னோட்டத்தை இழுக்கும். உங்கள் அம்பிளிபயர் அதனைத் தாங்குமோ என விசாரித்தறிக. அம்பிளிபயரைத் தன்னுள்ளேயே கொண்ட பெட்டியாயின் இக்கவலை இல்லை. மின்சாரம் அருகில் இருந்தாற் போதும். பழைய பெட்டி வாங்குவோர் கூம்பின் ஓரத்தைப் பார்க்க. அது ஸ்பொஞ்சாயின் நம் வெப்பத்திலும் ஈரத்திலும் பொடிந்துவிடும். இறப்பராயின் நெடுநாள் உழைக்கும்.

ஈற்றில் செவியே நீதிபதி. நீங்கள் நன்கறிந்த ஒருவரின் பேச்சையும் பாட்டையும் கொண்டுசென்று கடையிற் கேளுங்கள். சொல் தெளிவாக விளங்குகின்றதா, குரல் பெட்டிக்குள்ளிருந்து வருவதுபோல் அடைபடுகின்றதா எனக் கவனியுங்கள். பின்னர் மிருதங்கம் கேளுங்கள். வலந்தலையிற் கரணை இட்டதனால் அதன் மேற்சுரங்கள் நரம்பிசைபோல ஒழுங்குறுகின்றன என்பதைச் சீ. வீ. இராமன் 1920இல் குமார் என்பாரோடு எடுத்துக்காட்டினார். வலந்தலையின் சுருதி தெளிவாகக் கேட்பின் பெட்டி நன்று. வெறுந்தட்டொலியாகக் கேட்பின் விட்டுவிடுக. இரண்டை ஒப்பிடும்போது உரப்பைச் சமப்படுத்துக. சற்று உரத்தது சிறந்ததாகத் தோன்றுதல் செவியின் இயல்பு. இயலுமாயின் வீட்டிற் சிலநாள் வைத்துக் கேட்க அனுமதி பெறுக. கடையின் அறை வேறு. நும் அறை வேறு.

மாணவ இளைஞர்காள்! பரிவுக் குழாய் பரீட்சைக்கு மட்டும் உரியதன்று. அதனை மறந்தமையால் யான் ஒரு சோடி ஒலிபெருக்கியின் அரைவிலையை இழந்தேன். அதனினும் மேலாக, தந்தையாரின் குரலைத் தெளிவாகக் கேட்டிருக்கக்கூடிய மாதங்கள் பலவற்றை இழந்தேன். நீவிர் அவ்வாறு இழவாதிருப்பீராக.