திரைப்படத்திலே திகில்

அச்சம் எவரும் விரும்பி ஏற்கின்ற உணர்ச்சியன்று. தொல்காப்பியர் எண்வகை மெய்ப்பாடுகளுள் அச்சத்தையும் ஒன்றாக வைத்து, அணங்கு, விலங்கு, கள்வர், அரசன் என அதற்கு நிலைக்களம் நான்கு கூறினார். இந்நான்கில் எது எதிர்ப்பட்டாலும் மனிதன் விலகி ஓடவே முயல்வான். அவ்வாறிருக்க, பணங்கொடுத்துச் சீட்டு வாங்கி, இருண்ட படமாளிகையில் இரண்டு மூன்று மணி நேரம் அமர்ந்து, அவ்வச்சத்தை நாமே தேடி அனுபவிக்கின்றோமே, அஃது எங்ஙனம்? மர்மப் படம், துப்பறியும் படம் என்றெல்லாம் நாம் வழங்குகின்ற படங்கள் அந்தத் தவிப்பை எவ்வாறு விளைவிக்கின்றன என்பது பற்றியே இன்று பேச விரும்புகின்றேன்.

முதலில், திடுக்கிடுதலையும் தவித்திருத்தலையும் பிரித்தறிதல் வேண்டும். ஆங்கிலப் பட நெறியாளர் அல்பிரட் ஹிச்கொக் இதனை ஓர் எடுத்துக்காட்டினால் விளக்கினார். இருவர் மேசையருகே அமர்ந்து ஏதோ பேசிக்கொண்டிருக்கின்றனர். மேசைக்கடியில் இருந்த குண்டு திடீரென வெடிக்கின்றது. நாம் சில கணம் திடுக்கிடுகின்றோம், அவ்வளவே. அக்குண்டு இருப்பதை முன்னரே நமக்குக் காட்டிவிட்டால், அதே பேச்சின் ஒவ்வொரு சொல்லும் நம்மை வதைக்கும். வீண் பேச்சை விட்டு எழுந்து ஓடுங்கள் என்று கூவத் தோன்றும். அறியாமையினாலன்று, அறிந்தும் ஒன்றுஞ் செய்யவியலாமையினாலேயே தவிப்பு உண்டாகின்றது.

தமிழிலே இதனை நன்கு கையாண்டவர் வீணை வித்துவானாகவும் புகழ்பெற்ற எஸ். பாலசந்தர். 1964 ஆம் ஆண்டில் அவர் ஆக்கிய 'பொம்மை' என்னும் படத்தில், உள்ளே வெடிகுண்டு பொருத்தப்பெற்ற பொம்மை ஒன்று கைக்குக் கை மாறிச் செல்கின்றது. வைத்திருப்பவர் அதனை அறியார், நாம் அறிவோம். அதன் பின்னர் நடக்கும் சிரிப்பும் விளையாட்டும் நமக்குச் சிரிப்பாகவும் விளையாட்டாகவும் தோன்றுவதில்லை.

இவ்விடத்தே மரபு என்பது குறுக்கிடுகின்றது. இத்தகைய படங்களைப் பலமுறை கண்டு பழகியவர்கள் சில விதிகளைத் தாமறியாமலே கற்றுக்கொள்கின்றனர். நமது பரிவைப் பெற்ற குழந்தை சாவதில்லை. முதலில் ஐயத்துக்குள்ளானவன் குற்றவாளி அல்லன். கதவு மெல்லத் திறந்தால் உள்ளே நுழைபவன் நல்லவனாயிருத்தல் அரிது. இவ்விதிகள் படம் எடுப்போன் பார்ப்போருக்குக் கொடுக்கும் வாக்குறுதி போன்றவை. ஹிச்கொக்கே 1936 இல் வெளிவந்த 'சபோட்டாஜ்' என்ற படத்தில், குண்டைக் குண்டென்றறியாது சுமந்து சென்ற சிறுவனைச் சாகவிட்டார். பார்த்தோர் சினந்தனர். அது தவறெனப் பிற்காலத்தில் அவரே ஒப்புக்கொண்டார். விதியை மீறலாகாது என்பது இதன் கருத்தன்று. எதனை எங்கே மீறுவது என்பதிலேதான் நெறியாளரின் மதிநுட்பம் புலப்படுகின்றது.

அம்மதிநுட்பத்துக்குச் சான்றாக 1954 ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் ஏ.வி.எம். நிறுவனம் வெளியிட்ட 'அந்த நாள்' படத்தைச் சிறிது விரிவாக நோக்குவோம். அதன் நெறியாளரும் பாலசந்தரே. திரைக்கதை ஜாவர் சீதாராமன் எழுதியது. 1943 ஒக்டோபரிலே யப்பானிய விமானம் சென்னையிற் குண்டு வீசியதனை ஒட்டிக் கதை தொடங்குகின்றது. (1942 ஏப்ரலிற் கொழும்பும் திருகோணமலையும் அதே யப்பானியரின் குண்டுகளைக் கண்டன, அந்நாளைய இலங்கை இரசிகர்களுக்கு அப்பின்னணி எட்டாத செய்தியன்று.) வானொலிப் பொறியியலாளன் ஒருவன் தன் வீட்டிலேயே சுடப்பட்டு விழுகின்றான். அவனாக நடித்தவர் சிவாஜி கணேசன். கதாநாயகன் இறுதிவரை வாழ்வான் என்பதன்றோ நாமறிந்த விதி? அவ்விதி படத்தின் தொடக்கத்திலேயே உடைகின்றது. இனி இப்படத்தில் எதுவும் நிகழலாம் என்ற கலக்கம் அக்கணமே நம்மைப் பற்றிக்கொள்கின்றது.

பின்னர் துப்பறியும் அதிகாரி வருகின்றார். அவ்வேடத்தை ஏற்றவரும் சீதாராமனே. மனைவி, தம்பி, தம்பியின் மனைவி, அயல்வீட்டுக்காரர், நடனமாது எனச் சிலரை அவர் விசாரிக்க, ஐயம் ஒருவரிடமிருந்து மற்றொருவர்மேல் தாவிச் செல்கின்றது. ஒவ்வொருவர் கூறுவதும் காட்சியாக விரிய, மாண்டவன் மீண்டும் மீண்டும் உயிர்பெற்று வருகின்றான். யப்பானிய நெறியாளர் குரோசாவாவின் 'ராஷோமொன்' (1950) படத்தோடு இதனை ஒப்பிடுவோர் பலர். ஒப்புமை உண்டு. ஆயினும் நான் வியப்பது வேறொன்றை. கண்ணாற் கண்டதை நம்புதல் நமது இயல்பு. திரையிலே காட்டப்பட்டது நடந்தது என்பது படம் பார்ப்போரின் முதல் விதி. இப்படமோ ஒருவரின் ஊகத்தையும் நடந்த நிகழ்ச்சியையும் ஒரே தெளிவோடு காட்டுகின்றது. நம்பினோம், அடுத்தவர் வாய்திறந்ததும் நம்பிக்கை தகர்ந்தது, மீண்டும் நம்பினோம். கத்தியோ பேயோ இல்லாமல், நமது சொந்த நம்பிக்கையைக் கொண்டே நம்மைத் தவிக்கச் செய்துவிடுகின்றார்கள்.

இன்னொன்றையும் கூறவேண்டும். அப்படத்திற் பாட்டில்லை, நடனமில்லை. தமிழ்ப் படத்திற் பாட்டு என்பது இளைப்பாறும் நிழல். பாட்டுத் தொடங்கியதும் ஆபத்து ஒத்திவைக்கப்பட்டதென்று மனம் தளர்கின்றது. அந்நிழலை அகற்றியமையால் இறுக்கம் குலையாது நின்றது. வியாபாரத்தில் அப்படம் முதலில் வெற்றி பெறவில்லை. இந்திய தேசியத் திரைப்பட விருதுகளில் தகுதிச் சான்றிதழ் பெற்றது பின்னர்தான். பாட்டைக் கேட்கச் சென்றவர்களைக் குறை கூற எனக்கு மனமில்லை. பாட்டையும் துப்பாக்கலாம் என்பதை 1964 இல் வந்த 'புதிய பறவை' காட்டியது. மகிழ்ச்சியிற் கேட்ட பாட்டே பின்னர் மீண்டும் வந்து நெஞ்சைக் கலக்குகின்றது.

அதே படத்தில், புகையிரத ஓசை கேட்டமாத்திரத்தில் நாயகன் நிலைகுலைகின்றான். காரணம் நமக்குப் பின்னரே தெரியவரும். எங்கள் பரந்தனூடாகச் செல்லும் வடபகுதிப் புகையிரதப் பாதையில் 1990 இல் வண்டியோட்டம் நின்றது. 2014 இலேதான் அது யாழ்ப்பாணம்வரை மீண்டது. இடைப்பட்ட காலத்தில் ஓரிரவு, மின்பிறப்பாக்கி வைத்து இப்படத்தைக் காட்டினார்கள். புகையிரதம் வந்ததும் பெரியோர் மூச்சடக்கி இருந்தனர். சிறுவர்களோ பெட்டிகளை எண்ணத் தொடங்கிவிட்டனர். வாழ்நாளில் ஒருமுறையேனும் அவ்வோசையைக் கேளாத பிள்ளைகளுக்கு அது எவ்வாறு அச்சத்தின் அறிகுறியாகும்? எடுப்போனுக்கும் பார்ப்போனுக்கும் பொதுவான நினைவொன்று இருந்தாலன்றி மரபு வேலை செய்யாது என்பதை நூல்கள் கற்பிக்குமுன் அச்சிறுவர்கள் எனக்குக் கற்பித்தனர்.

அப்பிள்ளைகள் வேறோர் ஓசையை நன்கறிவர். வானத்தில் இரைச்சல் கேட்டதும் பதுங்குகுழிக்கு ஓடப் பழகியவர்கள் அவர்கள். அவ்விரைச்சலுக்கும் அடுத்து வரும் ஓசைக்கும் இடைப்பட்ட நேரம் எத்தகையதென்பதை வன்னியில் வாழ்ந்தோர்க்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. அங்கே விதியில்லை, நல்லவனைக் காப்போம் என எவரும் வாக்களிக்கவில்லை. அவ்வாறு வாழ்ந்த மக்கள் மாலையில் மர்மப் படம் பார்க்க ஏன் கூடினர் என்று நான் பலமுறை எண்ணியதுண்டு. திரையிலுள்ள அச்சத்துக்கு முடிவு உண்டு. அம்முடிவு இன்ன நேரத்தில் வரும். வந்தபின் வீட்டுக்குச் செல்லலாம். தொடக்கத்திற் கேட்ட வினாவுக்கு நான் கண்ட விடை இதுவே.

மூடிய இடம் என்ற மரபைப் பற்றியும் ஒரு சொல். 1970 இல் வெளிவந்த பாலசந்தரின் 'நடு இரவில்' படத்தில், தீவிலுள்ள மாளிகையொன்றில் உறவினர் கூடுகின்றனர். ஒருவர்பின் ஒருவராக மாள்கின்றனர். வெளியேற வழியில்லை, எனவே கொலையாளி நம்மிடையே உள்ளவனே. வெளியாளைவிட உறவினனை அஞ்சுதலே கொடிது.

'அந்த நாள்' படத்தை இதுவரை பாராத நேயர்கள் இருப்பின், சுட்டவர் யாரென்று முன்கூட்டிக் கேட்டறியாமற் பாருங்கள், நானும் சொல்லப்போவதில்லை. பார்த்தவர்கள் இன்னொருமுறை பார்க்கலாம். அப்போது, ஒவ்வொருவர் கதையிலும் அவர் கண்டது எவ்வளவு, ஊகித்தது எவ்வளவு என்று அந்த அதிகாரியோடு சேர்ந்து நீங்களும் கணக்கெடுத்துக்கொண்டு வாருங்கள்.