காயலான் கடையிலிருந்து கிளம்பும் மின்வண்டி

கழித்துப்போட்ட மோட்டார், இன்ஷூரன்ஸ்காரர்கள் கைவிட்ட பேட்டரி, எஞ்சின் போன கார். இவற்றை வைத்து வீட்டிலேயே மின்வண்டி கட்டுகிறவர்களுக்கு உதிரிபாகம் தாராளமாகக் கிடைக்கிறது. அதைத் திறக்கும் சாவிதான் கிடைப்பதில்லை.

கிடங்குகளில் சரக்குப் பெட்டிகளைத் தூக்கி அடுக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி வருடக்கணக்கில் உழைத்து ஓய்ந்ததும் காயலான் கடைக்குப் போகிறது. ஹைட்ராலிக் ஒழுகும், பேட்டரி செத்திருக்கும், சக்கரம் தேய்ந்திருக்கும். அதன் வயிற்றில் இருக்கும் மோட்டார் மட்டும் இன்னும் பல வருடம் ஓடும் தெம்போடு இருக்கும். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 2007 வாக்கில் இரண்டு நண்பர்கள் இந்தக் கணக்கைச் சரியாகப் போட்டார்கள். பழைய ஃபோர்க்லிஃப்ட் ஒன்றை முழுசாக வாங்கினார்கள். தேவையான மோட்டாரையும் மின்சாமான்களையும் கழற்றிக்கொண்டு, மீதியை விற்றுக் காசாக்கினார்கள். அந்த மோட்டாரை 1992ஆம் வருட ஜியோ மெட்ரோ காரில் ஏற்றினார்கள். ஜியோ மெட்ரோ என்பது சுஸுகியின் வடிவமைப்பு. நம் சாலைகளில் மாருதி 1000 என்றும் எஸ்டீம் என்றும் ஓடியது அதே குடும்பத்து வண்டிதான்.

‘ஃபோர்க்கன்ஸ்விஃப்ட்’ என்று பெயர் சூட்டப்பட்ட அந்தக் காருக்கு ஆன மொத்தச் செலவு 700 கனடிய டாலருக்கும் குறைவு. நெடுஞ்சாலையில் மற்ற கார்களை முந்திப் போகும் வண்டி அல்ல அது. ஊருக்குள் கடைகண்ணிக்குப் போய்வர அது போதும். பெரும்பாலான கார்கள் பெரும்பாலான நாட்களில் செய்கிற வேலையும் அதுதானே!

மின்வண்டி என்றாலே ஆயிரக்கணக்கான கோடி முதலீடும் பிரமாண்டமான தொழிற்சாலையும் வேண்டும் என்ற எண்ணம் நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது. லட்சக்கணக்கில் தயாரிக்க அதெல்லாம் வேண்டும்தான். ஒரே ஒரு வண்டி கட்ட, ஒரு லேத் பட்டறை, ஒரு வெல்டிங் மெஷின், மின்சாரத்தை மதிக்கத் தெரிந்த ஒரு மனம் போதும் என்று பல நாட்டு மனிதர்கள் ஐம்பது வருடங்களாக நிரூபித்துவருகிறார்கள்.

மோட்டாருக்கு ஆயுசு கெட்டி

பெட்ரோல் எஞ்சினில் பிஸ்டன், வால்வு, கேம்ஷாஃப்ட் என்று ஒன்றோடொன்று உரசும் பாகங்கள் எத்தனையோ. மின்மோட்டாரில் சுழல்வது ஒன்றே ஒன்று. அதைத் தாங்குவது இரண்டு பேரிங். வண்டி இற்றுப்போன பிறகும் மோட்டார் பிழைத்துக்கிடப்பது இதனால்தான்.

பழைய ஃபோர்க்லிஃப்ட் மோட்டாரை வாங்கப் போகிறவர் முதலில் பார்ப்பது கம்யூட்டேட்டரை, அதாவது சுழலும் பாகத்தில் கார்பன் பிரஷ் உரசும் செம்புப் பட்டைகளை. அவற்றின் மேல் சீரான சாக்லேட் நிறம் படிந்திருந்தால் நல்ல அறிகுறி. கருகிய தடமோ பள்ளமோ இருந்தால் யோசிக்க வேண்டும். அடுத்து கார்பன் பிரஷ் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பார்ப்பார். பிறகு மோட்டாரைத் தரையில் அசையாமல் பிணைத்து, சாதாரண 12 வோல்ட் கார் பேட்டரியிலிருந்து கேபிள் கொடுத்து ஒரு சுற்றுச் சுற்றவிடுவார். சத்தமில்லாமல் சுழன்றால் பாதி வேலை முடிந்தது.

இங்கே ஓர் எச்சரிக்கை. ஃபோர்க்லிஃப்டில் அதிகம் இருந்த ‘சீரிஸ்’ வகை டிசி மோட்டாருக்குப் பாரம் இல்லாமல் முழு வோல்டேஜ் கொடுக்கக் கூடாது. தடுக்க ஆளில்லாத வேகத்தில் ஏறிக்கொண்டே போய், கடைசியில் சுருள்களே பிய்ந்து தெறிக்கும். இதே குணம்தான் பாரத்தோடு இருக்கும்போது வரமாகிறது. நின்ற இடத்திலிருந்து கிளம்பும் அந்த முதல் நொடியில்தான் இந்த மோட்டாரின் முறுக்குவிசை உச்சத்தில் இருக்கும்.

பிறகு வருவது லேத்காரரின் வேலை. காரின் கியர்பாக்ஸையும் மோட்டாரையும் இணைக்க கனமான அலுமினியத் தகட்டில் ஒரு அடாப்டர் பிளேட். இரண்டு ஷாஃப்டையும் பிணைக்க ஒரு கப்ளர். இரண்டின் மையமும் ஒரே கோட்டில் நிற்க வேண்டும். மயிரிழை விலகினாலும் பேரிங் கத்தும், கொஞ்ச நாளில் உடையும். வீட்டு மின்வண்டிகளில் நல்லதையும் மட்டமானதையும் பிரிப்பது பெரும்பாலும் இந்த ஒரு தகடுதான்.

எண்ணெய் நெருக்கடி பெற்ற பிள்ளைகள்

இந்தப் பழக்கத்துக்கு நீண்ட வரலாறு உண்டு. அமெரிக்காவில் வால்டர் லாஸ்கி என்பவர் மின்வண்டி ஆர்வலர்களுக்காக எலெக்ட்ரிக் ஆட்டோ அசோசியேஷனை 1967இல் தொடங்கினார். 1973இல் அரபு நாடுகள் எண்ணெய் ஏற்றுமதிக்குத் தடை போட்டபோது, பெட்ரோல் பங்க் வரிசையில் நின்று அலுத்தவர்கள் ராணுவம் கழித்துப்போட்ட விமான உதிரிபாகங்களைத் தேடிப் போனார்கள். ஜெட் எஞ்சினை முடுக்கிவிடும் ஸ்டார்ட்டர் ஜெனரேட்டர் அப்போது மலிவாகக் கிடைத்தது. அதையே கார் மோட்டாராக்கினார்கள்.

அவர்களில் ஒருவர் ஆர்கன்சா மாநிலத்தைச் சேர்ந்த டேவ் ஆர்தர்ஸ். 1970களின் கடைசியில் தன் ஓப்பல் ஜிடி காரின் எஞ்சினை எடுத்துவிட்டு, விமான ஜெனரேட்டர் ஒன்றையும் வரிசையாக 6 வோல்ட் பேட்டரிகளையும் வைத்தார். பேட்டரிக்கு ஓடஓட சார்ஜ் ஏற்ற, புல்வெட்டும் மெஷினின் 6 குதிரைசக்தி எஞ்சின். ‘மதர் எர்த் நியூஸ்’ பத்திரிகை அவருடைய வரைபடத்தைப் பின்பற்றித் தானும் ஒரு கார் கட்டிப் பார்த்தது. லிட்டருக்கு ஏறத்தாழ 32 கிலோமீட்டர் கிடைத்ததாக எழுதியது. வரைபடம் கேட்டு வாசகர்கள் எழுதிய கடிதங்கள் சுமார் 60,000. டொயோட்டா பிரியஸ் விற்பனைக்கு வந்தது 1997இல்தான். அதற்குச் சுமார் இருபது வருடம் முன்பே ஹைப்ரிட் காரின் அடிப்படை, ஒரு தனிமனிதரின் கராஜில் ஓடிக்கொண்டிருந்தது.

ஆரெகன் மாநிலத்தின் போர்ட்லாண்டில் ஜான் வேலண்ட் என்பவர் 1972ஆம் வருட டாட்ஸன் 1200 ஒன்றை எடுத்தார். ஃபோர்க்லிஃப்ட் தொழிலில் இருந்தவர் அவர். ஃபோர்க்லிஃப்ட் மோட்டாரை வைத்துத் தொடங்கி, வருடக்கணக்கில் மோட்டாரையும் பேட்டரியையும் மாற்றி மாற்றிச் செதுக்கினார். ‘ஒயிட் ஸோம்பி’ என்ற அந்தக் கார் 2010இல் கால் மைல் பந்தயத் தூரத்தைப் பத்தரை வினாடிக்குள் கடந்தது. மின்வண்டி என்றால் தள்ளுவண்டி வேகம்தான் என்று நம்பியிருந்த பந்தய ரசிகர்களின் வாயை அடைத்த கார் அது.

ஈயத்திலிருந்து லித்தியத்துக்கு

அந்தத் தலைமுறைக்கு ஒரே இடைஞ்சல் பேட்டரியின் எடை. கோல்ஃப் வண்டியில் போடும் 6 வோல்ட், 225 ஆம்பியர்-மணி ஈய பேட்டரி ஒன்று சுமார் 28 கிலோ. 48 வோல்ட் வேண்டுமென்றால் எட்டு பேட்டரி, 225 கிலோ. காகிதத்தில் இவை தேக்கும் மின்சாரம் 10.8 யூனிட். கார் இழுக்கிற வேகத்தில் உறிஞ்சினால் கைக்குக் கிடைப்பது அதில் பாதிதான்.

2010 டிசம்பரில் நிஸான் லீஃப் வந்தது. அதன் பேட்டரி 24 யூனிட். உள்ளே தட்டையான டப்பா போல 48 மாட்யூல்கள். ஒவ்வொன்றும் சுமார் 3.8 கிலோ, நான்கு செல். மொத்த மாட்யூலும் சேர்ந்து 182 கிலோ சொச்சம். ஈயத்தைவிடக் குறைந்த எடையில் இரண்டு மடங்குக்கு மேல் மின்சாரம். இப்படிப்பட்ட கார்கள் விபத்தில் நசுங்கி இன்ஷூரன்ஸ் கம்பெனியால் கண்டம் செய்யப்பட்டு உடைசல் யார்டுகளுக்கு வரத் தொடங்கியதும், வீட்டில் வண்டி கட்டுகிறவர்களின் உலகமே மாறிப்போனது. முன்பக்கம் நொறுங்கிய காரில் தரைக்கு அடியில் இருக்கும் பேட்டரிக்கு ஒரு கீறல்கூட விழுந்திருக்காது. பத்து வருடம் ஓடி 60 சதவீதத் திறனுக்கு இறங்கிய லீஃப் பேட்டரியிலும் 14 யூனிட் மிச்சம் இருக்கும். எடை குறைந்த சின்னக் காரை ஊருக்குள் நூறு கிலோமீட்டர் சுற்ற அது போதும்.

இன்னும் கையில் காசில்லாதவர்கள் பழைய லேப்டாப் பேட்டரிகளை உடைத்தார்கள். அதற்குள் இருப்பது 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம் கொண்ட உருளை செல்கள். டெஸ்லாவின் 85 யூனிட் மாடல் எஸ் காரில் இருப்பதும் இதே அளவுள்ள செல்தான், 7,104 எண்ணிக்கையில். ‘செத்துவிட்டது’ என்று நாம் தூக்கிப்போடும் லேப்டாப் பேட்டரியில் பல நேரம் ஒரு ஜோடி செல்தான் கெட்டிருக்கும். மிச்சத்தைப் பொறுக்குவது பொறுமையான வேலை. மல்ட்டிமீட்டரில் வோல்டேஜ் மிகவும் இறங்கியிருந்தால் உடனே ஒதுக்க வேண்டும். தேறியதை 4.2 வோல்ட் வரை ஏற்றி, சில நாள் சும்மா வைத்துப் பார்க்க வேண்டும். தானாக வோல்டேஜ் சரிகிற செல், ஏற்றும்போது கை சுடுகிற செல் இரண்டும் ஆபத்து. இந்தச் சோதனைகளில் தேறியவற்றின் கொள்ளளவை அளந்து, ஒத்த செல்களை ஒன்றாக அடுக்கி, ஒவ்வோர் அடுக்கையும் கண்காணிக்கும் பிஎம்எஸ் சர்க்யூட்டைப் பூட்ட வேண்டும். இதில் எந்தப் படியையும் தாண்டக் கூடாது. லித்தியம் செல் தீப்பிடித்தால் ஒரு வாளித் தண்ணீரில் அடங்காது.

360 வோல்ட்டுக்கு முன்னால்

லீஃப் பேட்டரி முழுசாக ஏறத்தாழ 360 வோல்ட் டிசி. ஆளை நொடியில் கொல்லும். அதனால் முறையாகப் பழகியவர்கள் முதலில் கழற்றுவது பேட்டரியை நடுவில் துண்டிக்கும் ஆரஞ்சு நிற சர்வீஸ் பிளக்கைத்தான். கழற்றியதும் கைவைக்க மாட்டார்கள். பேட்டரியின் டிசியை மோட்டாருக்கான ஏசியாக மாற்றும் இன்வெர்ட்டருக்குள் இருக்கும் கெப்பாசிட்டர்களில் தேங்கிய மின்சாரம் வடியக் காத்திருந்து, மீட்டரில் பூஜ்யம் பார்த்த பிறகே தொடுவார்கள்.

அதே கெப்பாசிட்டர் வண்டியை உயிர்ப்பிக்கும்போதும் பாடம் கற்றுத்தரும். காலியாக இருக்கும் கெப்பாசிட்டரோடு பேட்டரியை நேரடியாக இணைத்தால் கணநேரத்தில் பாயும் மின்னோட்டத்தில், பேட்டரியை இணைத்துத் துண்டிக்கும் சுவிட்சான கான்டாக்டரின் முனைகள் உருகி ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய கான்டாக்டர் திறக்காது. ஆபத்து நேரத்தில் மின்சாரத்தைத் துண்டிக்க முடியாது. இதைத் தவிர்க்க முதலில் ஒரு ரெசிஸ்டர் வழியாக மின்சாரத்தைச் சொட்டவிட்டு, கெப்பாசிட்டர் நிரம்பிய பிறகே பெரிய கான்டாக்டரைப் போட வேண்டும். விலை குறைந்த அந்த ரெசிஸ்டரை ‘எதற்கு?’ என்று கேட்டு விட்டுவிடுபவர் வண்டி கட்டக் கூடாது.

பூட்டு எங்கே இருக்கிறது?

டேவ் ஆர்தர்ஸ் வாங்கிய விமான ஜெனரேட்டருக்கு மின்சாரம் கொடுத்தால் சுற்றும். இன்றைய மின்காரின் மோட்டார் அப்படிச் சுற்றாது. காரின் கணினிகள் தங்களுக்குள் பரிமாறிக்கொள்ளும் செய்திகள் வந்தால்தான் இன்வெர்ட்டர் அசையும். சட்டப்படி காசு கொடுத்து வாங்கிய பொருளாக இருந்தாலும், அதன் மூளையைத் திறக்கும் வழியைக் கம்பெனி கொடுப்பதில்லை.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸைச் சேர்ந்த ரிச் பெனுவா வெள்ளத்தில் மூழ்கிய டெஸ்லா மாடல் எஸ் ஒன்றை வாங்கினார். உதிரிபாகம் கிடைப்பது குதிரைக்கொம்பாக இருந்ததால், விபத்தில் சிக்கிய இன்னொரு டெஸ்லாவை வாங்கி, இரண்டிலிருந்தும் நல்லதை எடுத்து ஒரு காராக்கினார். அந்த அனுபவத்தை வீடியோவாகப் போட்டபோது, பழுதுபார்க்கும் உரிமை பற்றிய பேச்சுக்கே புதிய வேகம் வந்தது. அதே மாசசூசெட்ஸில் 2020இல் நடந்த வாக்கெடுப்பில், கார் கம்பியில்லாமல் அனுப்பும் தகவல்கள் உரிமையாளருக்கும் தனியார் மெக்கானிக்குக்கும் கிடைக்க வேண்டும் என்று சுமார் 75 சதவீத மக்கள் வாக்களித்தார்கள்.

ஐரோப்பாவில் வேறொரு வழி கண்டார்கள். ஜெர்மனியின் யோஹனஸ் ஹ்யூப்னர், அயர்லாந்தின் டேமியன் மகுவயர் போன்றவர்கள் உடைசல் கார்களின் இன்வெர்ட்டரைத் திறந்து, பெரும் மின்னோட்டத்தைக் கையாளும் பாகத்தை அப்படியே வைத்துக்கொண்டு, கட்டளையிடும் சர்க்யூட் போர்டை மட்டும் தாங்களே வடிவமைத்து மாற்றினார்கள். மென்பொருளையும் எல்லோருக்கும் திறந்துவைத்தார்கள். டொயோட்டா, நிஸான், டெஸ்லா மோட்டார்கள் இன்று பழைய பிஎம்டபிள்யூ கார்களில் சுற்றுகின்றன என்றால் இவர்களைப் போன்றவர்களின் உழைப்புதான் காரணம். கம்பெனி கொடுக்க மறுத்த கையேட்டை ஊர் கூடி எழுதியது.

நம் ஊரில் என்ன செய்யலாம்?

சென்னை புதுப்பேட்டையில் காரைப் பிரித்து ஆணி வேறு, தகடு வேறாக அடுக்கும் கைகளுக்கு, கோயம்புத்தூர் லேத் பட்டறைகளில் கண்பார்வையிலேயே மையம் பிடிக்கும் கைகளுக்கு இந்த வேலை கஷ்டமே இல்லை. கஷ்டம் வேறு இடத்தில் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, தயாரிப்பாளரின் வடிவத்திலிருந்து வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. அங்கீகாரம் பெற்ற மின்மாற்றுக் கிட் என்றால் பொருத்தலாம். தானே கட்டிய வண்டியைச் சாலைக்குக் கொண்டுவரச் சாதாரண மனிதருக்கு எட்டும் வழி இல்லை. 250 வாட்டுக்குக் குறைந்த மோட்டாரும் மணிக்கு 25 கிலோமீட்டருக்குக் குறைந்த வேகமும் உள்ள வண்டிகளுக்கு மட்டும் விதிகளில் விலக்கு உண்டு.

கட்டுப்பாடு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பிரேக் சரியில்லாத, ஃபியூஸ் இல்லாத வண்டி எதிரே வருபவரையும் கொல்லும். பிரிட்டனில் தனிநபர் கட்டிய காரையும் அரசுப் பரிசோதகர் நேரில் பிரித்துமேய்ந்து, தேறினால் சாலைக்கு அனுமதிக்கும் முறை இருக்கிறது. அப்படியொரு வாசல் நமக்கும் வேண்டும். மத்திய அரசு 2022 ஜூலையில் பழுதுபார்க்கும் உரிமைக்காக அமைத்த குழுவின் பட்டியலில் வாகனங்களும் இருந்தன. அந்த உரிமை கண்டம் செய்த வண்டியின் மோட்டாருக்கும் பேட்டரிக்கும் நீள வேண்டும். உத்தரவாதக் காலம் முடிந்த மின்வண்டியின் கட்டளை மொழியைக் கம்பெனி வெளியிட வேண்டும் என்று சட்டம் சொல்ல வேண்டும்.

அதற்கு முன்னால் இன்றே செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஒவ்வொரு ஐடிஐக்கும் பாலிடெக்னிக்குக்கும் கண்டம் செய்யப்பட்ட ஒரு மின்வண்டியைக் கொடுங்கள். ரப்பர் கையுறையும் நல்ல ஆசிரியரும் கொடுங்கள். அடுத்த பத்து வருடத்தில் நம் தெருக்களில் லட்சக்கணக்கான மின்வண்டிகள் பழசாகப் போகின்றன. அவற்றைத் திறக்கத் தெரிந்த தலைமுறை இல்லையென்றால் அத்தனையும் குப்பை. இருந்தால், அத்தனையும் மூலதனம்.