மனநல ஆலோசனையும் உத்தியோகமும்

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் பருத்தியும் மக்காச்சோளமும் விளைவிக்கும் குடும்பங்களிலும், ஜெயங்கொண்டம் பக்கத்தில் தறி நெய்யும் குடும்பங்களிலும், பிள்ளைகள் இன்று போலீஸ், பாங்கு, ஆசிரியர் உத்தியோகங்களுக்காகப் படித்து வருகின்றனர். அவர்களில் ஒருவர் உறக்கமிழந்து மனம் சோர்ந்தால், பெற்றோர் அஞ்சுவது நோய்க்கன்று. 'மனநல வைத்தியரிடம் போனது தெரிந்தால் வேலை கிடைக்குமா?' என்றே அஞ்சுகின்றனர். இவ்வச்சம் எவ்வளவு நியாயமானது என்பதை ஆராய்வோம்.

முதலாவது, ஆலோசனை பெறுவோர் யாவரும் நோயாளிகள் அல்லர். நோயே ஆனாலும், 2018 மே 29 முதல் அமலிலுள்ள மனநலப் பராமரிப்புச் சட்டம், சிகிச்சை விவரங்களை இரகசியமாகக் காக்கும் கடமையைச் சிகிச்சை அளிப்போர்மீது சுமத்துகிறது. பிறர்க்குத் தீங்கு நேராமல் தடுத்தல், நீதிமன்ற உத்தரவு போன்ற சில நிலைகளே இதற்கு விலக்கு. முன்பு சிகிச்சை பெற்றார் என்பது ஒன்றையே கொண்டு ஒருவரை இன்றும் மனநோயாளி எனத் தீர்மானித்தல் கூடாதென்றும் இச்சட்டம் கூறுகிறது.

இரண்டாவது, பணியிலிருக்கும்போது மனநோயால் நீடித்த குறைபாடு ஏற்பட்டால், அதன் பொருட்டு அரசு ஊழியரைப் பணிநீக்கவோ பதவி இறக்கவோ கூடாதென 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் விதிக்கிறது. மத்திய ரிசர்வ் போலீஸ் படை அதிகாரி ஒருவர் மனநோயுற்ற நிலையில் ஒழுங்கு நடவடிக்கைக்கு உள்ளானார். 2021 டிசம்பர் 17 அன்று உச்ச நீதிமன்றம் அந்நடவடிக்கையை ரத்துச் செய்தது. நடவடிக்கைக்குரிய காரணங்களுள் அவரது மனநோயும் ஒன்றாயிருந்தாலே அது பாகுபாடாகும் என்பது தீர்ப்பு. அவரை வேறு பணிக்கு மாற்றினாலும் ஊதியம் குறையலாகாது என்றும் கூறிற்று.

ஆயினும் அச்சம் முழுதும் ஆதாரமற்றது என நாம் கூறோம். ஆயுதம் தாங்கும் பணி, விமானம் ஓட்டும் பணி ஆகியவற்றில் சேர உடற்பரிசோதனையோடு மனநிலையும் பார்க்கப்படும். அங்கே கேட்கும் வினாவுக்குப் பொய் உரைத்தல் பின்னர் பெருந்தொல்லையாய் முடியும். தனியார் ஸ்தாபனங்களில் சட்டப் பாதுகாப்பு இவ்வளவு உறுதியாக இல்லை. ஊர்ப் பேச்சையோ எந்தச் சட்டமும் அடக்கவியலாது.

எனினும், பெரும்பாலும் வேலையைப் பறிப்பது சிகிச்சையன்று. சிகிச்சையின்றி முற்றிய நோயே. அறுந்த இழையை அப்போதே முடிந்தால் ஒரு முடிச்சோடு போகும். விட்டுவைத்தால் துணியே பழுதாகும். இதை நெசவாளருக்கு நாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

மாவட்ட மனநலத் திட்டத்தின்கீழ் அரசு மருத்துவமனைகளில் இச்சிகிச்சை கிடைக்கிறது. 14416 என்னும் எண்ணில் இரவு பகல் எந்நேரமும் இலவசமாகத் தமிழில் ஆலோசனை பெறலாம். அங்கத்தினர்கள் தயங்காது இவ்வசதிகளைப் பயன்படுத்துமாறும், அண்டை வீட்டார் ஒருவர் ஆலோசனைக்குச் சென்றால் அதை ஊர்ப்பேச்சாக்காது காக்குமாறும் கேட்டுக்கொள்கிறோம்.