கோபுரப் படத்தில் பச்சைப் புள்ளிகள் ஏன்?

இரவு விளக்கொளியில் ஸ்ரீரங்கம் ராஜகோபுரத்தைப் படம் எடுத்துக் கம்ப்யூட்டரில் ஏற்றிப் பார்க்கிறீர்கள். கோபுரம் அருமை. ஆனால் கருத்த வானத்தில் நாலைந்து பச்சைப் புள்ளிகள்! கேமரா கெட்டுவிட்டதோ என்று பயப்படாதீர்கள். என் பக்கத்து வீட்டுக்காரர் இதைத் தெய்வ ஒளி என்றே முடிவு கட்டி, பிரேம் போடக் கிளம்பிவிட்டார்.

அவருக்கு நான் காட்டிய சோதனையை நீங்களும் செய்யலாம். வெட்டாத படத்தைப் பெயின்ட் புரோகிராமில் திறந்து, புள்ளியிலிருந்து படத்தின் மையம் வழியாக ஒரு கோடு இழுங்கள். கோடு பெரும்பாலும் ஏதாவது ஒரு விளக்கில் போய் முடியும். அந்த விளக்கின் பிம்பம்தான் புள்ளி.

சாதாரணக் கண்ணாடியின் ஒவ்வொரு பரப்பும் சுமார் 4 சதவீத ஒளியைத் திருப்பி அனுப்பும். லென்ஸுக்குள் தனித்தனியாக ஆறு கண்ணாடிகள் இருந்தால் 12 பரப்புகள். கணக்குப் போட்டால் 61 சதவீத ஒளிதான் சென்சாரைச் சேரும். மீதியில் கொஞ்சம் உள்ளேயே முட்டி மோதிப் புள்ளியாகவும் வெளிறலாகவும் படத்தில் விழும்.

இதைக் குறைக்க வந்ததுதான் கோட்டிங். 1935-ல் ஜெர்மனியின் ஜைஸ் நிறுவனத்தில் அலெக்சாண்டர் ஸ்மாகுலா இதை உருவாக்கினார். மக்னீசியம் ஃபுளோரைடு இதற்கு அதிகம் பயன்படும் பொருள். தடிமன்? ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு! பூச்சின் மேல்பக்கம் திரும்பும் ஒளி அலையும் அடிப்பக்கம் திரும்பும் அலையும் மேடும் பள்ளமுமாகச் சந்தித்து அடங்கிவிடுகின்றன. அந்த ஒளி வீணாவதில்லை, லென்ஸுக்குள் போய்விடுகிறது. ஒற்றைப் பூச்சு பச்சையைத்தான் அதிகம் அடக்கும். சிவப்பும் நீலமும் கொஞ்சம் மிஞ்சுவதால் லென்ஸ் ஊதாவாக மின்னும். இன்றைய பல அடுக்குப் பூச்சுகள் பலவற்றில் மிஞ்சுவது பச்சை.

நல்ல பல அடுக்குப் பூச்சு, பரப்புக்கு அரை சதவீதத்துக்கும் குறைவாகவே திருப்பும். ஆனாலும் விளக்கு இரவு வானத்தைவிடப் பல ஆயிரம் மடங்கு பிரகாசம். அந்தத் துளியே கண்ணில் படுகிறது.

லென்ஸ் முன்னால் மலிவான யு.வி. ஃபில்டர் இருந்தால் முதலில் கழற்றுங்கள். எனக்குத் தெரிந்து பாதிப் புள்ளிகள் அதனால்தான். பிறகு விளக்கு ஃபிரேமுக்கு வெளியே போகும்படி நகர்ந்து நில்லுங்கள். காவிரிப் பாலத்தில் மேற்கே பார்த்து மாலைச் சூரியனை எடுக்கும்போது இது முடியாது, அங்கே புள்ளிகளோடு சமாதானமாகப் போக வேண்டியதுதான்.

வேட்டி நுனியால் லென்ஸைத் துடைக்கும் பழக்கம் மட்டும் வேண்டவே வேண்டாம். ஆற்று மணல் ஒரு துகள் போதும், பூச்சு கீறிவிடும். ஊதுபந்தால் தூசியை ஊதிவிட்டு, மைக்ரோஃபைபர் துணியால் மெல்லத் துடையுங்கள். மொபைல் கேமராவில் பெரும்பாலும் விரல் எண்ணெய்தான் வில்லன்.