இரவில் நெஞ்சு எரிகிறதா? அறுவைக் குறிப்பு எங்கே?

எடைகுறைப்பு அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் ஒரே தவறைச் செய்வதைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். நள்ளிரவில் புளித்த தண்ணீர் தொண்டைக்கு ஏறுகிறது. எழுந்து உட்கார்ந்து இருமுகிறார்கள். காலையில் மருந்துக் கடையில் ‘கேஸ் மாத்திரை’ வாங்கி விழுங்குகிறார்கள். இப்படியே மாதங்கள் ஓடுகின்றன. கடைசியில் டாக்டரிடம் போனால், “உங்களுக்குச் செய்தது எந்த ஆபரேஷன்?” என்று கேட்கிறார். “வயித்தைச் சின்னதாக்கினாங்க” என்பதற்கு மேல் சொல்லத் தெரிவதில்லை. கையில் ஒரு காகிதமும் இருப்பதில்லை.

2024 ஏப்ரலில், சென்னை பம்மலில் ஒரு தனியார் மருத்துவமனையில் எடைகுறைப்பு அறுவைக்குப் போன 26 வயதுப் புதுச்சேரி இளைஞர் இறந்தார். விசாரணை நடந்தது, மருத்துவமனையின் உரிமம் தற்காலிகமாக நிறுத்தப்பட்டது, தமிழ்நாடே சில நாள் அதைப் பேசியது. வீடு திரும்பியவர்களின் உணவுக்குழாய் ஆண்டுக்கணக்கில் புண்ணாவதைப் பற்றி அப்போதும் யாரும் பேசவில்லை.

இப்போது அதிகம் செய்யப்படுவது ‘ஸ்லீவ்’. இரைப்பையில் ஏறத்தாழ முக்கால் பங்கை வெட்டி எடுத்துவிட்டு, வாழைப்பழ வடிவில் ஒரு குழாயை மட்டும் விட்டுவைப்பார்கள். குறுகிய குழாய்க்குள் அழுத்தம் கூடுகிறது. இரைப்பை மேல்வாசலின் பிடிப்பும் தளர்கிறது. அதனால் படுத்ததும் அமிலம் மேலே வருகிறது. முன்பு எதுக்களிப்பே இல்லாதவர்களிலும் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு இது புதிதாகத் தொடங்குகிறது. ‘பைபாஸ்’ என்ற இன்னொரு வகை எடைகுறைப்பு அறுவை செய்தவர்களுக்குப் பொதுவாக எதுக்களிப்பு குறையும். ‘மினி பைபாஸ்’ செய்தவர்களுக்கோ பித்தநீர் ஏறக்கூடும். அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை அதைத் தடுக்காது. எந்த அறுவை என்று தெரியாமல் மருந்து எழுதுவது குருட்டு வைத்தியம். அதனால்தான் அறுவைக் குறிப்பு, அந்தக் காகிதம் என்று அடித்துச் சொல்கிறேன்.

முதலில் இன்றிரவு செய்ய வேண்டியது. தர்மபுரி மாவட்டத்து வத்தல்மலையில் காட்டு வேலை முடித்து வந்து, இருட்டிய பிறகு ராகிக்களி தின்று, தின்ற கையோடு படுப்பதுதான் வழக்கம். அறுவை செய்துகொண்டவருக்கு இது ஆகாது. கடைசி உணவுக்கும் படுக்கைக்கும் நடுவே 3 மணி நேரம் இருக்க வேண்டும்; 9 மணிக்குப் படுப்பவர் 6 மணிக்குள் சாப்பிட்டாக வேண்டும். வீட்டார் சாப்பிடட்டும், பிறகு உட்காரலாம் என்று பெண்கள் காத்திருக்கிறார்கள். தயவுசெய்து காத்திருக்காதீர்கள். சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்க வேண்டாம். அரை மணி நேரம் விட்டு, வாய் வாயாகக் குடியுங்கள். இந்த மலையின் பெருமையே காப்பியும் மிளகும்தான். மாலைக்குப் பிறகு இரண்டையும் தொடாதீர்கள். பீடி, புகையிலை, சாராயம் எந்த நேரத்திலும் கூடாது.

இரண்டு தலையணை வைத்தால் போதும் என்று நினைக்கிறார்கள். தலையணை கழுத்தை மட்டும் தூக்கும், வயிற்றை மடக்கி அமிலத்தை இன்னும் மேலே தள்ளும். உயர வேண்டியது இடுப்புக்கு மேலுள்ள உடம்பு முழுதும். பலகைக் கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் இரண்டிரண்டு செங்கல் வையுங்கள்; சுமார் 15 சென்டிமீட்டர் உயரும். கயிற்றுக் கட்டில் நடுவில் தொய்ந்து உடம்பை மடக்குவதால் உதவாது. தரையில் படுப்பவர்கள் இடுப்பிலிருந்து தலைவரை சரிவாக ஒரு பலகை போட்டு அதன்மேல் பாய் விரிக்கலாம். இடப்பக்கம் ஒருக்களித்துப் படுப்பது நல்லது.

ஒமெப்ரசோல், பான்டோப்ரசோல் வகை மாத்திரைகளைச் சாப்பிட்டபின் விழுங்கினால் முழுப் பயன் கிடைக்காது. உணவுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பு எடுக்க வேண்டும். இரவுத் தொல்லைக்கு மாலை உணவுக்கு முன் ஒரு வேளை தேவையா என்பதை டாக்டரிடம் கேளுங்கள். நீண்ட நாள் எடுத்தால் பி12, இரும்புச் சத்துகள் குறையக்கூடும். உங்களுக்கு இந்த அறுவையாலேயே அவை குறைந்திருக்கலாம். பழைய ரத்த அழுத்த மாத்திரையையும் காட்டுங்கள். அம்லோடிபின் எதுக்களிப்பைக் கூட்டக்கூடியது. எடை குறைந்தபின் சர்க்கரை, அழுத்த மருந்துகளின் அளவை மாற்ற வேண்டியிருக்கும். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ ஊழியர் பழைய அளவையே வீட்டில் தந்துவிட்டுப் போனால், அறுவை நடந்ததை அவரிடம் சொல்ல வேண்டியது நீங்கள்தான். மூட்டுவலிக்கு டைக்ளோஃபெனாக், புரூஃபன் வாங்கிப் போடாதீர்கள். பைபாஸ் செய்தவருக்குத் தையல் இடத்திலேயே புண் வரலாம்.

தர்மபுரியிலிருந்து சுமார் 25 கிலோமீட்டரில், கொண்டை ஊசி வளைவுகளுக்கு மேலே இருக்கிறது வத்தல்மலை. விடியட்டும் பார்க்கலாம் என்று இங்கே சொல்வதில் ஆபத்து அதிகம். ரத்த வாந்தி, கறுத்த மலம், விழுங்க முடியாமை, கைக்கும் தாடைக்கும் பரவும் நெஞ்சுவலி, அறுவை முடிந்த முதல் வாரங்களில் காய்ச்சலோடு படபடப்பு: இவற்றில் எது வந்தாலும் உடனே 108. கடைசியில் சொன்னது தையல் கசிவாக இருக்கலாம். இரவெல்லாம் இருமலும் காலையில் கரகரத்த குரலும் இருந்தால் மலைப்பனி என்று தள்ளிவிடாதீர்கள், அமிலம் நுரையீரலுக்குள் இறங்கியிருக்கலாம்.

இன்னொன்று, யாரும் கேட்பதில்லை என்பதால் அழுத்திச் சொல்கிறேன். பல நாள் விடாமல் வாந்தி எடுத்தவருக்கு பி1 (தயமின்) சத்து தீர்ந்துபோகும். நடை தள்ளாடும், பார்வை இரண்டாகத் தெரியும், பேச்சு குழறும். களைப்பு என்று நினைத்து வெறும் குளுக்கோஸ் பாட்டில் ஏற்றினால் மூளைக்குக் கேடு. “எடைகுறைப்பு ஆபரேஷன் ஆனவர், குளுக்கோஸுக்கு முன் தயமின் போடுங்கள்” என்று உடன் போகிறவர் வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

ஸ்லீவ் அல்லது மினி பைபாஸ் செய்தவர்கள், தொல்லை இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஓராண்டில் ஒருமுறையும் அதன்பின் 2 அல்லது 3 ஆண்டுக்கு ஒருமுறையும் எண்டோஸ்கோபி செய்ய வேண்டும் என்று இத்துறையின் உலகக் கூட்டமைப்பு பரிந்துரைக்கிறது. ஆண்டுக்கணக்கில் அமிலம் பட்ட உணவுக்குழாயின் உட்தோல் புற்றுநோய்க்கு முந்தைய நிலைக்கு மாறக்கூடும். மருந்துக்கு அடங்காத எதுக்களிப்புக்கு வழி, ஸ்லீவைப் பைபாஸாக மாற்றும் மறு அறுவை.

அப்போதுதான் காகிதம் தேடுவார்கள். டிஸ்சார்ஜ் சம்மரி போதாது. மருத்துவமனையின் மருத்துவக் கண்காணிப்பாளருக்கு ஒரு மனு எழுதுங்கள்: அறுவைக் குறிப்பு, மயக்க மருந்துக் குறிப்பு, அறுவைக்கு முந்தைய எண்டோஸ்கோபி அறிக்கை, வெட்டி எடுத்த பகுதியின் பயாப்ஸி முடிவு, கையெழுத்திட்ட ஒப்புதல் படிவம் ஆகியவற்றின் நகல் வேண்டும் என்று பெயர் பெயராகக் குறிப்பிடுங்கள். உள்நோயாளி எண்ணையும் தேதியையும் போடுங்கள். இந்திய மருத்துவ மன்றத்தின் 2002 நெறிமுறை விதிகளின்படி, கேட்ட 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். “ரெக்கார்டு செக்‌ஷன் ஆள் லீவு”, “ஃபைல் இன்சூரன்ஸுக்குப் போயிருக்கு” என்ற பதில்களை ஏற்காதீர்கள். நேரில் கொடுத்தால் நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். இல்லாவிட்டால் ஸ்பீட் போஸ்டில் அனுப்பி ரசீதை வையுங்கள். அரசு மருத்துவமனை என்றால் 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டித் தகவல் உரிமைச் சட்டத்திலும் கேட்கலாம். ஆவணங்களை 3 ஆண்டு வைத்திருந்தால் போதும் என்கின்றன அதே 2002 விதிகள். அதனால் இன்றே கேளுங்கள். தொல்லை வந்தபின் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள்.

தமிழ்நாட்டிலுள்ள தனியார் மருத்துவமனை தர மறுத்தால், அது இருக்கும் மாவட்டத்தின் மருத்துவம் மற்றும் ஊரக நலப்பணிகள் இணை இயக்குநருக்கும், டாக்டர் மீதான புகாரைத் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலுக்கும் எழுதுங்கள். மறு அறுவையை ‘எடைகுறைப்பு’ என்று சொல்லிக் காப்பீட்டு நிறுவனம் நிராகரித்தால், எண்டோஸ்கோபி அறிக்கையோடு, இது எடைக்காக அல்ல, உணவுக்குழாய்ப் புண்ணுக்காக என்ற சர்ஜனின் சான்றை இணைத்து நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கு அனுப்புங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, பதில் திருப்தி தராவிட்டாலோ, ஓராண்டுக்குள் சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் கிடையாது.

பணம் கட்டிச் செய்த சிகிச்சையில் அலட்சியம் நடந்திருந்தால், 2 ஆண்டுக்குள் தர்மபுரி மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். மருத்துவமனை சேலத்திலோ பெங்களூரிலோ இருந்தாலும், 2019 சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே தாக்கல் செய்ய முடியும். செலுத்திய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமும் இல்லை. வழக்கறிஞர் செலவைப் பற்றியும் கவலை வேண்டாம். தர்மபுரி மாவட்டத்தில் மலைவாழ் மலையாளி சமூகம் பழங்குடிப் பட்டியலில் இருக்கிறது. பழங்குடியினருக்கும் பெண்களுக்கும் வருமானம் பாராமல் இலவச வழக்கறிஞர் தர வேண்டும் என்கிறது 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம். மாவட்ட நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குச் சாதிச் சான்றின் நகலையும் அறுவைக் குறிப்பையும் எடுத்துக்கொண்டு போங்கள். போக முடியாவிட்டால் 15100க்கு அழையுங்கள். மனு எழுதித் தரவோ வழக்கு நடத்தவோ அங்கே யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். ஆணைக்குழுவின் செயலாளரிடம் எழுத்தில் புகார் கொடுங்கள்.